கேஸ் போட்ட கார்

நான் வேலை பார்த்த பத்திரிகையில் கேஸ் என்ற சொல்லுக்கு இடமில்லை. நீதிமன்றத்தில் போடுவது வழக்கு. சிலிண்டரில் வருவது எரிவாயு. நிருபர்கள் அவசரத்தில் கேஸ் என்று எழுதி அனுப்பினால், மேசையில் இருக்கும் நான் எது என்று பார்த்து இரண்டில் ஒன்றாக மாற்றுவேன். இப்படி மாற்றி மாற்றியே, பேச்சில் இரண்டும் ஒரே சொல் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. ஓய்வு பெற்றபின் ஒரு கத்திரி வெயிலில் என் அக்காவின் கார் அதை ஞாபகப்படுத்தியது.

அக்கா அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தஞ்சாவூரில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தோம். கார் அவளுடையது, ஓட்டுவது நான், எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்வது அவள். அதற்கு முந்தைய மார்கழியில் அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வெயிலில் அலையக் கூடாது, சூட்டில் உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் காரின் ஏசியும் அவளுடைய மாத்திரைகளில் ஒன்று மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஏசிதான் சித்திரை கடைசியில் நின்றது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. ஏசி பட்டனை அழுத்தினால் வழக்கமாக முன்பக்கமிருந்து ஒரு 'டிக்' கேட்கும், என்ஜின் லேசாக மூச்சுப் பிடிக்கும். இப்போது அந்த டிக் இல்லை.

புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஏசி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்து கை காட்டி விளக்கினார்.

"பெல்ட் எப்பவும் சுத்தும் சார். அதோட இந்தச் சக்கரமும் சும்மா சுத்தும். நீங்க பட்டனைப் போட்டா உள்ள இருக்கற காந்தம் இழுத்து, முன்னாடி இருக்கு பாருங்க தட்டு, அது சக்கரத்தோட ஒட்டிக்கும். அப்பத்தான் கம்ப்ரஸர் ஓடும். உங்களுது ஒட்டலை."

"ஏன் ஒட்டலை?"

"கேஸ் கொறைஞ்சா ஒட்ட விடாது. கம்பெனியில அப்படித்தான் வெச்சிருக்கான். கேஸ் போட்டுடலாம்."

எனக்கு முன்னால் நான்கைந்து வண்டிகள். காரை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் கேஸ் போட்டார். பட்டனை அழுத்தியதும் டிக். வீடு வரைக்கும் குளிர். மறுநாள் உச்சி வெயிலில் அக்காவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது மறுபடி நின்றது.

நான் அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் ஒழுங்காக வேலை செய்தது. பகலில் சிறிது தூரம் ஓடி வண்டி சூடானதும் நின்றது. நிழலில் நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி வேலை செய்தது. ஆக, முதல் தடவை அதைச் சரிசெய்தது கேஸ் அல்ல, வேப்பமர நிழலாக இருக்கலாம். இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். "வெயில் அப்படி சார்" என்றார்.

இங்கே நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த ஏசி தேவைப்பட்டதே அதற்காகத்தான்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன நிலம் என் பேரிலும் அக்கா பேரிலும் இருந்தது. சாகுபடி செய்தவர் குத்தகைக்காரர். அவருடைய அப்பா எங்கள் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். கூலிக்காகக் கொடி பிடித்த காலத்தில் கொடி பிடித்து, பிறகு அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சட்டம் வந்ததும் தன்னைக் குத்தகைதாரராகப் பதிவும் செய்துகொண்டார். பதிவு செய்ததை அப்பா துரோகமாக எடுத்துக்கொண்டார். ஆனால் முகத்தில் காட்டவில்லை. ஒரு பொங்கலுக்கு அவர் புது அரிசியோடு வந்தபோது அப்பா சிரித்துப் பேசி, வேட்டி துண்டு கொடுத்து அனுப்பினார். அந்த வாரமே அவர் வீட்டுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் போனது. நிலத்தைவிட்டு வெளியேற்றச் சொல்லி, பொங்கலுக்கு முன்பே அப்பா கேஸ் போட்டிருந்தார். 'வேட்டி குடுத்த கையால கேஸ் குடுத்தாரு' என்பது அந்தக் குடும்பத்தில் நிலைத்துவிட்ட வாக்கியம். வழக்கு பல கோர்ட்டுகள் ஏறி இறங்கி, இரண்டு அப்பாக்களும் போன பிறகு, நடத்த ஆளில்லாமல் அடங்கியது.

மகன்கள் காலத்தில் பேச்சு மாறியிருந்தது. மிராசுதாரான எங்கள் அப்பா அவருடைய அப்பாவை "வாடா" என்பார். அவர் எங்கள் அப்பாவை "ஆண்டே" என்பார். குத்தகைக்காரர் அந்தச் சொல்லை ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு கட்சியின் கரை வேட்டிதான் கட்டுவார். அக்காவை "அக்கா" என்பார், அக்கா அவரைத் "தம்பி" என்பாள். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை "சார்" என்பார். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், வாங்க, சொல்லுங்க, உக்காருங்க என்றே பல வருடங்களை ஓட்டியிருந்தேன்.

அந்த வருடம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு முடிவெடுத்தாள். நிலத்தில் பாதியை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிடுவது, மீதிப் பாதியை அவர்கள் குத்தகை பாத்தியதை இல்லாமல் எங்களுக்கு விட்டுவிடுவது. டெல்டாவில் பலரும் இப்படித்தான் முடித்துக்கொண்டார்கள். அவருக்குச் சம்மதம். பத்திரம் தன் மனைவி பேரில் வேண்டும் என்று மட்டும் கேட்டார். நிலத்தடியிலிருந்து கேஸ் எடுக்க வந்த திட்டத்தை எதிர்த்து அவர் ரோட்டில் உட்கார்ந்தவர். அதற்காக அவர் மேல் போலீஸ் கேஸ் இருந்தது. "என் பேர்ல இருந்தா நாளைக்கு ஜப்தி அது இதுன்னு எவனாவது வருவான். அவ பேர்ல இருக்கட்டும்" என்றார்.

நீடாமங்கலத்தில் பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. அக்கா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாம் என்றேன். மாட்டேன், நானே கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். சரி, டாக்ஸி வைத்துக்கொள்வோம் என்றேன்.

"அப்பா கார் வெச்சிருந்தாரே, அதுல அவங்க அப்பா ஒரு தடவை ஏறியிருப்பாரா? கூட்டிக்கிட்டுப் போறதுன்னா நம்ம கார்லதான் கூட்டிக்கிட்டுப் போகணும். ஏசியை ரிப்பேர் பண்ணு."

பதிவுக்கு முதல் நாள் மறுபடி மெக்கானிக்கிடம் போனேன். இந்த முறை அவர் கொஞ்சம் ஆழமாகப் பார்த்தார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹாரனுடைய ரிலேயைப் பிடுங்கி ஏசியின் இடத்தில் செருகிப் பார்த்தார், மாற்றமில்லை. கம்ப்ரஸருக்குப் போகும் வயரில் பல்பு வைத்துப் பார்த்தார், எரிந்தது. கரண்ட் வருகிறது, கேஸ் இருக்கிறது, ஆனாலும் தட்டு ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் கேஸ் போட்டுப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கம்ப்ரஸரே போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும், திருச்சியிலிருந்து வர வேண்டும் என்றார். அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன்.

அக்கா முப்பது வருடம் வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கப் பேசியவள். போனில் பேசினாலும் அதே குரல்தான். வாசல் கதவு திறந்திருந்தது. அந்த நேரத்தில் குத்தகைக்காரர், பத்திர எழுத்தருக்கு வேண்டிய அக்காவின் ஆதார் நகலை வாங்கிப் போக நீடாமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கேட்டருகில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது இது. அக்கா சொன்னதையும் அவர் சொன்னதையும் பிறகு நான் ஒத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட வித்தியாசம் இல்லை.

"ரெண்டாவது தடவையும் கேஸ் போட்டாச்சா? போட்டும் ஒண்ணும் நடக்கலையா? இங்க போட்டா இப்படித்தான். திருச்சியில போடு. நாளைக்குள்ள முடியணும். அவன் என்ன சொன்னாலும் நம்பாத, ஏமாத்தறான்."

அவர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே பனை ஓலையில் சுற்றிய நுங்கு. அக்கா வெயிலுக்கு நுங்கு கேட்டிருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குப் போன் செய்தோம். எடுக்கவில்லை. மறுபடி செய்தோம். எடுக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அவர் மனைவியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அந்த அம்மாவுக்குக் கிடையாது.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நாளைக்குப் பத்திரத்துக்கு வாங்கன்னுட்டு இன்னிக்குத் திருச்சியில கேஸ் போடறீங்களாமே?"

"கேஸா? என்ன கேஸ்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம். ரெண்டு தடவை போட்டாச்சாமே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மேசையில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் தடவை மாற்றிய சொல். "அய்யோ, அது ஏசிக்குப் போடற கேஸும்மா. காரு ஏசி. வேலை செய்யலை" என்றேன்.

பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "ஏசியாம் ஏசி! நான் கேஸ் எடுக்காதேன்னு கத்துனதுக்கு என் மேல கேஸ் போட்டானுவோ. இவங்க எங்க மேல கேஸ் போட்டுட்டுக் காருக்குப் போட்டேங்கறாங்க. பேப்பர்காரர்ல, நல்லாத்தான் சோடிக்கிறாரு."

"அவரு காலையில மன்னார்குடிக்கு வக்கீலைப் பாக்கப் போறாரு சார்" என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. "முன்னாடியே ஏதாவது போட்டு வெக்கணுமாம். எனக்கு வரணும்னுதான் இருக்கு. அவரு இல்லாம நான் மட்டும் எப்படி வர்றது?"

போனை வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நுங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவர் நம்ப மாட்டார்டா. அவர் எடத்துல இருந்தா நானும் நம்ப மாட்டேன். அன்னிக்கு வேட்டி, இன்னிக்குப் பத்திரம்னுதான் தோணும்." கொஞ்சம் கழித்து, "நாம போடாத கேஸுக்கு அவங்க பதில் கேஸ் போட்டா, அப்புறம் அது நெசமான கேஸாயிடும். எனக்கு அதுக்கெல்லாம் ஆயுசு கெடையாது" என்றாள்.

அவர் பஸ் ஏறுவதற்குள் போய்ப் பிடித்துவிட வேண்டும், வேலை செய்யாத ஏசியை அவர் கண்முன் காட்ட வேண்டும் என்று தீர்மானித்தோம். எங்களிடம் வேறு சாட்சி இல்லை.

விடிந்ததும் கிளம்பினோம். பட்டனை அழுத்தினேன். டிக். குளிர்ந்த காற்று. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இரண்டு பக்கமும் கோடை உழவு போட்ட வயல்கள், நடுநடுவே பம்புசெட் வைத்த இடங்களில் மட்டும் பச்சை. சாலியமங்கலம் தாண்டும்வரை எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மாப்பேட்டை வரும்போது அக்கா கேட்டாள்.

"ஏண்டா, இது வேலை செய்யுதே?"

"ஆமாம்."

"அங்க போயும் வேலை செஞ்சா?"

அதற்குமுன் எந்தப் பயணத்திலும் ஒரு இயந்திரம் கெட்டுப்போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை.

அவர் வெளுத்த கரை வேட்டியும் கையில் ஒரு மஞ்சள் பையுமாகத் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும், "வாங்க" என்றார். கோபத்திலும் அந்த 'ங்க' விடுபடவில்லை.

பின்சீட்டிலிருந்து அக்கா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "தம்பி, கார்ல ஏறுங்க. ஏசி வேலை செய்யுதா இல்லையான்னு நீங்களே பாருங்க. அதுக்கப்புறம் மன்னார்குடிக்குப் போங்க, நானே கொண்டுபோயி விடறேன்" என்றாள்.

அவர் மனைவி பின்கதவைத் திறந்து முதலில் ஏறிவிட்டார். அவர் யோசித்து முன்சீட்டில் உட்கார்ந்தார். காற்று வரும் துளைக்கு முன்னால் கையை வைத்தார். வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"ஜில்லுன்னுதானே சார் வருது?"

"காலையில வரும். வெயில் ஏறினா நிக்கும்."

"சரி."

அந்த 'சரி'யில் இருந்ததை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"நிக்கற வரைக்கும் உக்காருவோம்" என்றாள் அக்கா.

வாய்க்கால் ஓரமாக வண்டியை வெயில்படும்படி நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, நான்கு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். மொபெட்டில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று கண்ணாடியில் தட்டினார். "என்ன மாமா, காருக்குள்ளயே பஞ்சாயத்தா?"

"ஏசி நிக்குதான்னு பாக்கறோம்" என்றார் குத்தகைக்காரர்.

"ஓடுதான்னுதானே பாப்பாங்க?"

"நீ போடா வேலையைப் பாத்துக்கிட்டு."

அக்கா பின்சீட்டிலிருந்து பேச ஆரம்பித்தாள். "தம்பி, எங்க அப்பா பண்ணினதை நான் பண்ண மாட்டேன்."

"கேஸ் போடறதுக்கு மொத நாள் கேட்டிருந்தா உங்க அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பாரு அக்கா" என்றார் அவர், திரும்பாமல்.

அவர் மனைவி நுங்கு இருக்கிறதா, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன், இளசாக இருந்தது என்றாள் அக்கா.

வெயில் ஏறியது. பானெட்டின் மேல் காற்று அலையடித்தது. ஏசி போதுமான குளிர் வந்ததும் தானாக ஒருமுறை நின்று, சற்று நேரத்தில் டிக் என்று மறுபடி பிடிக்கும். அது ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நானும் அக்காவும் மூச்சை அடக்கினோம். ஒவ்வொரு முறையும் அது பிடித்துக்கொண்டது. அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மன்னார்குடி பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் கேட்டது.

அப்போது மறுபடி நின்றது. காத்திருந்தோம். டிக் வரவில்லை. குளிர் வடிந்து, காற்று வெதுவெதுப்பாகி, பிறகு அனலாக வந்தது.

"நின்னுடுச்சு!" அக்கா கை தட்டினாள். "தம்பி, பாத்தீங்களா, நின்னுடுச்சு! சுத்தமா நின்னுடுச்சு!"

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். "ஏசி நின்னதுக்கு இப்படிச் சந்தோஷப்படற ஆளை நான் பாத்ததில்லம்மா."

அவர் துளைக்கு முன்னால் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பஸ் எங்களைக் கடந்து போனது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப நெசமாவே காருக்குத்தான் போட்டீங்க."

"ரெண்டு தடவை" என்றேன்.

"ரெண்டு தடவை போட்டும் ஏன் சார் நிக்குது?"

இப்படியாக ஒரு கேஸ் முடிந்து இன்னொன்று விசாரணைக்கு வந்தது. இறங்கி பானெட்டைத் திறந்தோம். மெக்கானிக் சொன்னதை நான் வரிசையாகச் சொன்னேன்: ஃபியூஸ் சரி, ரிலே சரி, கரண்ட் வருகிறது, கேஸ் இருக்கிறது. பெல்ட்டோடு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்த தட்டு சும்மா நின்றது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போல வெளிச்சம் தெரிந்தது.

"இடைவெளி ஜாஸ்தியா இருக்கோ?" என்றேன்.

"காந்தம் இழுக்குது, எட்டலை போல" என்றார். "சூடானா இழுப்பு கொறையுமோ என்னமோ. காலையில எட்டுது, இப்ப எட்டலை. கொஞ்சம் தள்ளிவிட்டா?"

வேலியிலிருந்து ஒரு கிளுவைக் குச்சியை ஒடித்தார்.

"கையை உள்ள விடாதீங்க!" என்று அவர் மனைவி காருக்குள்ளிருந்து கத்தினார்.

"குச்சிதான் போவுது, கை போவலை."

பெல்ட்டுக்கு எட்டாமல், குச்சி நுனியால் தட்டின் முகத்தில் ஒரு தட்டு. டிக். தட்டு சக்கரத்தோடு ஒட்டிச் சுற்றியது. என்ஜின் மூச்சுப் பிடித்தது. உள்ளே அக்கா, "வருது, வருது" என்றாள்.

அன்று நாங்கள் ஊகித்தது சரிதான் என்று அடுத்த வாரம் தெரிந்தது. நீடாமங்கலத்தில் வேறொரு மெக்கானிக் தட்டைக் கழற்றி, அதற்கும் தண்டுக்கும் நடுவிலிருந்த காகிதம் போன்ற ஒரு வாசரை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார். பல வருடம் ஒட்டி ஒட்டித் தேய்ந்ததில் இடைவெளி கூடியிருந்ததாம். கம்ப்ரஸருக்கு ஒன்றுமில்லை. அந்தக் கார் இருந்தவரைக்கும் ஏசி மறுபடி நிற்கவில்லை.

ஆனால் அன்றைக்கு எங்களிடம் இருந்தது குச்சிதான். காற்றை முழு வேகத்தில் வைத்து, குளிரைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டால் சீக்கிரம் தானாக நிற்காது என்று கண்டுபிடித்தோம். அப்படியும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அது நின்றது. அந்தக் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: சாப்பாடு கட்டிக்கொண்டு வரலாம். பஸ்களும் நெல் மூட்டை ஏற்றிய லாரிகளும் நின்ற வரிசையில், அவர் குச்சியோடு இறங்கி, பானெட்டைத் திறந்து ஒரு தட்டு தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்தார்.

பத்திர எழுத்தரிடம் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டுப் போனால், பதிவு அலுவலகத்தில் கூட்டம். எங்கள் முறை வந்தது. அக்கா கையெழுத்துப் போட்டாள், நான் போட்டேன், அவர் போட்டார். அவர் மனைவி தன் பேரை எழுத்துக் கூட்டி நிதானமாக எழுதினார். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு ஒருமுறை பார்த்துக்கொண்டார். சார்பதிவாளர் காகிதத்திலிருந்து நிமிராமல் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். விருப்பப்பட்டுத்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா? ஆமாம். வற்புறுத்தல் எதுவும் உண்டா? இல்லை.

"நெலத்து மேல கேஸ் ஏதாவது இருக்கா?"

நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கார் மேலதான் சார் இருக்கு" என்றாள் அக்கா.

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, வெயிலின் கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும், முத்திரை குத்தினார். அந்த நிமிஷம் வரைக்கும்தான் அவரைக் குத்தகைக்காரர் என்று எழுத எனக்கு உரிமை.

திரும்பும்போது உச்சி வெயில். கேட் மறுபடி மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ், பின்னால் ஒரு டிராக்டர். கொஞ்ச நேரத்தில் குளிர் வடிய ஆரம்பித்தது. அவர் பழக்கப்பட்டவர்போலக் காலடியிலிருந்த குச்சியை எடுத்துக்கொண்டு கதவில் கை வைத்தார்.

"ஏங்க, உக்காருங்க" என்றார் பின்சீட்டிலிருந்து அவர் மனைவி. "இப்ப நான் மிராசு. மிராசு வீட்டு ஆம்பளை நடுரோட்ல குச்சியைத் தூக்கிக்கிட்டு நிக்கறதாவது? சார் இறங்குவாரு."

அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கு அவள் இதயத்தைப் பற்றிக் கவலை வந்தது. "இறங்குடா, மிராசு சொல்றாங்கல்ல" என்றாள்.

குச்சியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். தார் ரோடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. பானெட்டைத் திறந்ததும் பஸ் ஜன்னல்களில் தலைகள் வரிசையாகத் திரும்பின. கண்டக்டர் படியில் நின்று, "என்ன சார், மாடு கெளம்ப மாட்டேங்குதா?" என்றார். குனிந்து, குச்சி நுனியால் தட்டின் முகத்தில் தட்டினேன். ஒட்டவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். நழுவியது.

முன்கண்ணாடி இறங்கியது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"பயப்படாம கொஞ்சம் பலமா, தம்பி" என்றார்.

"சரிண்ணே" என்று பலமாக ஒரு தட்டு தட்டினேன். டிக்.